பாதி போதும்

கரண்டியக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, பசித்தால் அவளிடம்தான் போவார்கள். பதினாறு வருஷமாக அந்தச் சமையற்கட்டு அவள் கையில் இருந்தது. காலை ஏழு மணிக்குப் பூட்டைத் திறந்ததும், எலி வந்து போன தடம் தெரிகிறதா என்று முதலில் தரையைப் பார்ப்பாள். பிறகு அடுப்பைப் பார்ப்பாள். அதற்கும் பிறகுதான் சின்னக்காவின் முகத்தைப் பார்ப்பாள். காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் இருப்பவள் சின்னக்கா. பெயருக்குத்தான் சின்னவள், வயதில் இரண்டு வருஷம் மூத்தவள். வேலையில் பின்னால் வந்து சேர்ந்த பாவத்துக்குச் சின்னக்கா ஆகிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கே சோறாக்குகிற கரண்டியக்கா, தன் வீட்டில் அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். வீட்டுச் சமையல் அவள் கணவர் பொறுப்பு. அவர் பஸ் டிப்போவில் டயர் மாட்டுகிறவர். டயர் மாட்டுகிற அதே மும்முரத்தோடு பருப்பையும் கடைவார். யாராவது இதைப் பற்றிக் கேலி செய்தால், "ரெண்டு பேருக்கு ஆக்கறதெல்லாம் ஒரு சமையலா? எனக்கு அது வராது. நூறு பேரைக் கூட்டிட்டு வாங்க, ஆக்கிப் போடறேன்" என்பாள் இவள்.

பதினைந்து வயதில் ஒரு தொழிலாளர் விடுதியில் பாத்திரம் கழுவப் போனவள் அவள். அங்கே வேலைக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். பானையில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உள்ளே யாராவது பானையின் அடியைச் சுரண்டினால், வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறவளுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு நமக்கு இல்லை என்று. அந்தச் சத்தத்தை நாற்பத்தெட்டு வயதிலும் அவளால் தாங்க முடியவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் அடி சுரண்டுகிற வேலையை அவள் சின்னக்காவிடம் விட்டுவிட்டாள்.

முன்பெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு கிடையாது. வீட்டில் வசதி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு ரோஸ் அட்டை உண்டு. அட்டை வைத்திருப்பவர்கள் பின்பக்க ஜன்னலில் வரிசையில் நின்று தட்டை நீட்ட வேண்டும். மற்றவர்கள் முன்பக்கக் கூடத்தில் உட்கார்ந்து வீட்டு டப்பாவைத் திறப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் பிள்ளை நிச்சயமாக முன்பக்கக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அட்டைக்காரப் பிள்ளைகள் அதைச் சாக்ஸுக்குள் ஒளித்து வைப்பார்கள். வேர்வையில் ஊறி, எழுத்தெல்லாம் அழிந்து, பிசுபிசுவென்று ஜன்னலுக்கு வரும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு வரவே மாட்டார்கள். அட்டைகள் நூற்று முப்பது. வரிசையில் நிற்பது தொண்ணூறு தேறினால் அதிகம். சோறு என்னவோ நூற்று முப்பது பேருக்கு வெந்திருக்கும்.

அதனால் மிஞ்சும். மிஞ்சுவதை இரண்டாம் தடவை கேட்கிற பிள்ளைகளுக்குப் போடுவாள். ஒரு நாள் விடாமல் இரண்டாம் தடவை வந்தவள் பென்சில்.

பென்சில் அப்போது நாலாம் வகுப்பு. எப்போதும் பின்னலில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஆளும் அதற்கேற்ற மாதிரிதான் இருப்பாள். அப்பா இல்லை, எங்கே என்று கேட்டால் "வேலைக்குப் போயிருக்கார்" என்பாள். மூன்று வருஷமாக அதே பதில். அம்மா ஒரு சலவை நிலையத்தில் விரிப்புகள் தேய்க்கிறாள். காலையில் போனால் பாதி ராத்திரிக்குத்தான் திரும்பி வருவாள். பென்சில் முதல் தட்டைப் பேசாமல், நிதானமாகச் சாப்பிடுவாள். இரண்டாவது தட்டை, ராத்திரிக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். இதையெல்லாம் கரண்டியக்காவிடம் யாரும் சொன்னதில்லை. தட்டைப் பார்த்தே அவளுக்கு வீடு தெரியும்.

ஒரு நாள் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகச் சாப்பாடு போடலாமா என்று கருத்துக் கேட்க மேலிடத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். "வசதி இருக்கறவங்களுக்கு எதுக்கு?" என்று ஒருவர் எழுந்து கேட்டார். பாதிக் கூட்டம் தலையாட்டியது. தலைமையாசிரியை, பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மாள், கதவோரம் நின்றிருந்த கரண்டியக்காவைப் பிடித்து மைக் முன்னால் தள்ளிவிட்டார்.

"எனக்குப் பேசல்லாம் வராதுங்க" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் பொதுவாக அரைமணி நேரம் பேசுவார்கள். அவள் பேசியது ஒரு நிமிஷம்தான். "அட்டைக்கு மட்டும்னா, பசி இருக்கற பிள்ளை யாருன்னு பள்ளிக்கூடத்துக்கே தெரிஞ்சு போயிடுதுங்க. அந்த வெட்கத்துல நாப்பது பிள்ளைங்க சோறு இருந்தும் பட்டினி கெடக்குது. எல்லாருக்கும் போட்டுடுங்க. யாரு வீட்ல இருக்கு, யாரு வீட்ல இல்லைங்கறது தட்டுல தெரியக்கூடாது. அவ்வளவுதாங்க." கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

அடுத்த வருஷமே எல்லோருக்கும் சாப்பாடு வந்தது. அவள் பேச்சினால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் கேட்டிருப்பார்கள். ஆனால் சின்னக்கா பார்த்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கரண்டியக்காவும் பேருக்கு அவளை ஒருதரம் அதட்டினாளே தவிர, மறுக்கவில்லை.

முதல் நாளை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பின்பக்க ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. ஒரே கூடம், ஒரே மாதிரித் தட்டு. சோறு, பருப்பு, காய், புதன்கிழமை முட்டை. அட்டை இருந்த பிள்ளை எது, இல்லாத பிள்ளை எது என்று பதினாறு வருஷம் பழகிய அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. புகை என்று சின்னக்காவிடம் சொன்னாள். அந்த அடுப்பில் புகையே வராது.

அன்றைக்கே, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பென்சில் கழுவாத தட்டோடு வந்து நின்றாள். கரண்டியக்கா பழக்கத்தில் கரண்டியைப் பானைக்குள் விட்டாள். கரண்டி பானையின் அடியில் முட்டியது.

"முடிஞ்சுடுச்சேம்மா" என்றாள்.

"பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பென்சில் தட்டைக் கழுவப் போனாள்.

இப்போது எல்லாமே அளவு. ஒன்பதரைக்கு வருகைப்பதிவு, அந்தத் தலைக்கணக்குக்கு அரிசி. கிடங்குச் சாவி பெரிய டீச்சரிடம். ஒரு அதிகாரி வந்து, உள்பக்கம் கோடு போட்ட ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கோட்டு சார் என்று சின்னக்கா பெயர் வைத்தாள். கோடு வரை அள்ள வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு கரண்டி. நியாயமாகச் சொன்னால் அந்த அளவில் குறை ஒன்றும் இல்லை. ராத்திரிக்கு வீட்டில் சாப்பாடு இருக்கிற பிள்ளைக்கு அது போதும்.

பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்லவர். "எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். மறுபடி கேட்டபோது, "மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். ஒரு நாள் பதிலும் வந்தது. நிர்ணயித்த அளவே போதுமானது, இரண்டாம் தடவைக்கு இடமில்லை என்று இரண்டு வரி. பெரிய டீச்சர் அதைப் படித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தட்டு கழுவுகிற இடத்தில் ஒரு வாளி தினமும் நிரம்பும். வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகள் பாதியை அதில் கொட்டிவிட்டுப் போகும். எச்சிலை எடுத்து இன்னொரு பிள்ளைக்குப் போட முடியுமா? சின்னக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் கரண்டியக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பாள்.

அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். கரண்டியைப் பானையின் பக்கச்சுவரில் வைத்து அமுக்கி அள்ளினால், அதே கோட்டுக்குள் ஒன்றரைக் கரண்டிச் சோறு அடங்கும். பென்சில் வரிசையில் வரும்போது மட்டும் அமுக்கி அள்ளினாள். புதன்கிழமைகளில் சமையற்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு முட்டை உண்டு. ஒரு வாரம் தன் முட்டை, மறு வாரம் சின்னக்கா முட்டை என்று பென்சிலின் தட்டில் முதலில் வைத்து, அதன் மேல் சோற்றைக் கவிழ்த்து, மேலே எல்லோருக்கும் போல ஒரு முட்டை வைப்பாள். பென்சில் புரிந்துகொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டாள். காதும் காதும் வைத்த மாதிரி ஏழு வாரம் போயிற்று.

எட்டாவது புதன்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தண்ணீர் டம்ளரை எடுக்கக் குனிந்தவன், பென்சிலின் தட்டைப் பார்த்துவிட்டான்.

"அக்கா! இவ தட்டுல ரெண்டு முட்டை!"

"வாயை மூடிட்டுச் சாப்பிடுடா" என்றாள் கரண்டியக்கா, இருந்த இடத்திலிருந்தே.

"எனக்கும் ரெண்டு!" என்றது இன்னொரு குரல். மூன்று நான்கு பேர் தட்டைத் தட்டினார்கள். பிறகு நாற்பது. எங்கிருந்தோ, யாரென்று தெரியாமல், ஒரு சத்தம் வந்தது: "பென்சில் திருடிட்டா!"

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தலைகால் புரியாத கோபத்தில், கையில் கரண்டியோடு கூடத்தின் நடுவுக்கு வந்தாள்.

"யாருடா திருடினது? நான்தான்டா குடுத்தேன்! என் முட்டைடா அது! உங்க வீட்லல்லாம் ராத்திரிக்குச் சோறு இருக்கு. அவ வீட்ல ராத்திரிக்கு அடுப்பே எரியாது, தெரியுமா உங்களுக்கு?"

நானூறு பிள்ளைகளும் கப்சிப் ஆகிவிட்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. எந்த ஒன்று யாருக்கும் தெரியக்கூடாது என்று மைக் பிடித்துப் பேசினாளோ, அதை மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தாள். ரோஸ் அட்டையைக் கூடப் பிள்ளைகள் சாக்ஸில் ஒளித்துக்கொள்ள முடிந்தது. இதை எங்கே ஒளிப்பது?

பென்சில் மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டு முட்டைகளையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, பரிமாறுகிற மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எங்க வீட்ல அடுப்பு எரியும்" என்றாள். அழவில்லை. கரண்டியக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, பென்சில் பதிலடி கொடுத்திருப்பாள். அந்தப் பிள்ளைகள் கேலி செய்யவில்லை. இரக்கப்பட்டார்கள். திருடிட்டா என்று கத்தியவனே மறுநாள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவள் பையில் வைத்துவிட்டுப் போனான். வகுப்பு டீச்சர் தன் மகளின் பழைய சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் கொடுத்தார். நல்ல மனசோடுதான் செய்தார்கள். பென்சில் எல்லாவற்றையும் பெஞ்சின் மேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாப்பாட்டு வரிசைக்கு மட்டும் தவறாமல் வந்தாள். தட்டை நீட்டி, பின்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "பாதி போதும்க்கா, பசிக்கல" என்றாள்.

கரண்டியக்கா அமுக்கி அள்ளப் போனாள். "அமுக்காதீங்க" என்றாள் பென்சில், அதே குரலில். அந்தப் பாதியிலும் கொஞ்சத்தை மிச்சம் வைத்து, எல்லோரும் பார்க்க வாளியில் கொட்டினாள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படிக் கொட்டுமோ, அப்படியே கொட்டினாள். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாளும் பாதி. ஒரு நாள் கரண்டியக்கா வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு எடுத்து வந்து, மாலையில் கேட்டுக்கு வெளியே, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நீட்டினாள். "தப்புப் பண்ணிட்டேன்டா தங்கம். இதை மட்டும் வாங்கிக்க" என்றாள். "நான் சாப்பிட்டாச்சுக்கா" என்று பென்சில் ஓடிவிட்டாள்.

"பிள்ளைகிட்ட மல்லுக்கு நிக்காதே. அவங்கம்மாவைப் போய்ப் பாரு" என்றார் கணவர். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் கேட்கத் தோன்றும்.

சனிக்கிழமை மதியம் சலவை நிலையத்துக்குப் போனாள். வாசலிலேயே அனல் அடித்தது. உள்ளே வரிசையாகத் தேய்ப்பு மேஜைகள், கூரை வரை அடுக்கிய வெள்ளை விரிப்புகள், கணுக்கால் வீங்கிய பெண்கள். பென்சிலின் அம்மா கடைசி மேஜையில் நின்றாள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரி என்று தெரிந்ததும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே வந்து பாக்கணும்னு இருந்தேங்க. நீங்க நல்லா இருக்கணும். இப்ப ரெண்டு தடவை போடறீங்களாமே! பிள்ளை தினமும் சொல்றா."

கரண்டியக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை.

"முன்னெல்லாம் ராத்திரி கொஞ்சம் கஞ்சி இருந்தா, 'நீ சாப்பிடும்மா'ன்னு எனக்கு வெச்சுட்டுப் படுத்துக்குவா. எனக்கு இறங்குமா? இப்ப அந்தக் கவலையே இல்லைங்க. 'ஸ்கூல்ல ரெண்டு தடவை சாப்பிட்டேம்மா, வயிறு கல்லு மாதிரி இருக்கு'ங்கறா. அதனால இருக்கறத நான் சாப்பிட்டுடறேன். இங்க பதினாலு மணி நேரம் நிக்கணுமே. போன மாசம் ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டேன். இன்னொரு தடவை விழுந்தா வரவேணாம்னு சொல்லிட்டாங்க."

பிள்ளை பாதிதான் சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிடத்தான் கரண்டியக்கா வந்திருந்தாள். சொன்னால் என்ன ஆகும்? இன்று ராத்திரியிலிருந்து அந்தக் கஞ்சி பிள்ளைக்குப் போகும். அம்மாக்காரி இந்த மேஜையடியில் விழுவாள். பட்டினி ஆள் மாறும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை ஒளித்து வைத்திருப்பதை இவள் இரண்டாம் தடவையும் போட்டு உடைத்ததாக ஆகும். ஒருதரம் வாயைத் திறந்து பட்டது போதாதா?

"எங்க வீட்ல அவரு கொஞ்சம் கூடுதலா ஆக்கிடறாரு. தினமும் ஒரு டப்பா கொண்டாந்து குடுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஐயோ, எதுக்குங்க? அதான் பிள்ளைக்கு வயிறாரப் போடறீங்களே, அது போதாதா? இதுக்கு மேல வாங்கினா எனக்குக் கூசும்." அந்தப் பக்கமிருந்து யாரோ அதட்டினார்கள். அவள் தேய்ப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "வர்றேங்க" என்று கரண்டியக்கா சொன்னது இயந்திரங்களின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவரிடமும் யோசனை இல்லை.

திங்கட்கிழமை ஒரு முடிவோடுதான் போனாள். என்ன சொன்னாலும் சரி, முழுக் கரண்டி போட்டுவிடுவது. போட்ட பிறகு என்ன செய்வாள், சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்?

வரிசை நகர்ந்து வந்தது. பென்சிலின் மணிக்கட்டு முன்பைவிட மெலிந்திருந்தது.

"பாதி போதும்க்கா."

கரண்டியக்கா காதில் விழாதது போலக் கோடு வரை அள்ளி, தட்டில் போட்டாள். "அடுத்து" என்றாள்.

பென்சில் நகரவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றாள். பின்னால் நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. பாவம் என்று பார்க்கிற பார்வை அத்தனை பேர் கண்ணிலும் இருந்தது.

"இருக்கட்டும்மா. சாப்பிடும்மா" என்றாள் கரண்டியக்கா மெதுவாக.

"எல்லாரும் பாக்கறாங்க. எடுத்துடுங்கக்கா." இதை அவள் யாருக்கும் கேட்காமல், கெஞ்சிச் சொன்னாள்.

கரண்டியக்கா கரண்டியை நீட்டி அந்தத் தட்டிலிருந்து சோற்றை எடுத்தாள். பதினாறு வருஷத்தில் போட்ட சோற்றைத் திரும்ப எடுப்பது அதுதான் முதல் தடவை. எடுத்ததைப் பானையில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பென்சில்.

இன்னும் கொஞ்சம் எடுத்தாள்.